ஓர் எல்லைக்கோட்டையின் பீரங்கிக் கணக்கு: இருப்பு எடுப்பதிலிருந்து பேரேடு ஒப்படைப்பது வரை

1775 ஆகஸ்ட் மாதம். பாஸ்டன் நகரை முற்றுகையிட்டுக் கேம்பிரிட்ஜில் பாளையம் இறங்கியிருந்த அமெரிக்கப் படைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி. கையிருப்பில் 300க்கும் மேற்பட்ட பீப்பாய் வெடிமருந்து இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 3ஆம் தேதி கூடிய போர்க்குழுவில் உண்மை வெளிவந்தது. மாசசூசெட்ஸ் கிடங்கில் இருந்தவை 36 பீப்பாய்கள்தான். அண்டைக் குடியேற்றங்களின் இருப்பையும் சேர்த்தால் 9,937 பவுண்டு. சிப்பாய்கள் ஒவ்வொருவரும் ஒன்பது முறை சுட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்.

மருந்தை யாரும் திருடவில்லை. கணக்குக் கேட்டபோது, மாகாண வழங்கல் குழுவினர் அதுவரை திரட்டிய மருந்து முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செலவானதைக் கழிக்கவில்லை, அவ்வளவுதான். செய்தி கேட்ட வாஷிங்டன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை என்று தளபதி சலிவன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்துக் கோட்டைகளைப் பற்றிப் படிப்பவர்கள் பீரங்கிகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இன்று இந்தக் கோட்டை எத்தனை முறை சுட முடியும் என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கணக்கை 1790களின் அமெரிக்க எல்லைக்கோட்டை ஒன்றில் எப்படி எழுதியிருப்பார்கள் என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். பழைய இருப்புப் பட்டியல்களைப் படிக்க முயல்பவர்களுக்கும், அருங்காட்சியகத்துக்கோ வரலாற்றுக் கதைக்கோ அந்த உலகத்தை மீட்டுருவாக்க விரும்புபவர்களுக்கும் இது உதவும். ஒஹாயோ நதிக்கரையில், இன்றைய சின்சினாட்டி நகரம் இருக்கும் இடத்தில் 1789இல் எழுந்த வாஷிங்டன் கோட்டை போன்ற ஒன்றில் நீங்கள் கிடங்குக் காப்பாளராகப் பொறுப்பேற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பழைய ஏட்டை மூடிவைத்துவிட்டு எண்ணுங்கள்

முன்னவர் எழுதிய கணக்கைப் பார்த்தபடி சரக்கை எண்ணாதீர்கள். ஏட்டில் 42 என்று இருந்தால் கண்ணும் 42 என்றே எண்ணும். வெற்றுத்தாளோடு போய், ஒவ்வொரு பொருளையும் தொட்டு எண்ணி எழுதிவிட்டு, பிறகு ஏட்டோடு ஒப்பிடுங்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஹென்றி நாக்ஸ். பின்னாளில் நாட்டின் போர்த்துறைச் செயலரானவர். 1775 டிசம்பரில், 25 வயது புத்தக வியாபாரியாக இருந்தவர், டைகாண்டிரோகா கோட்டைக்குப் போய் அங்கிருந்த பீரங்கிகளைப் பாஸ்டனுக்கு இழுத்துவர ஆயத்தமானார். டிசம்பர் 10ஆம் தேதியிட்ட அவருடைய பட்டியலில் 59 உருப்படிகள் உள்ளன: 43 பீரங்கிகள், மற்றவை குண்டை உயர வீசும் குட்டைக் குழாய் ரகங்களான மோர்ட்டார்களும் ஹவிட்சர்களும். ரகம், உலோகம், எடை என்று பிரித்து எழுதி, மொத்தம் 1,19,900 பவுண்டு என்று கூட்டியிருக்கிறார். கூடவே 23 பெட்டி ஈயமும் ஒரு பீப்பாய் சக்கிமுக்கிக் கற்களும். வழிக்கு 42 சறுக்குவண்டிகளையும் 80 ஏர் மாடுகளையும் ஏற்பாடு செய்ததாக வாஷிங்டனுக்கு எழுதியபோது, அந்த எண்களுக்கு அடியில் நின்றது இந்தப் பட்டியல்தான். எடை தெரியாமல் எத்தனை மாடு வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு பீரங்கிக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: ரகம், உலோகம், எடை, நிலை. அந்தக் காலத்துப் பீரங்கியை அது சுடும் திட இரும்புக் குண்டின் எடையால் அழைப்பார்கள். 6 பவுண்டர் என்றால் ஆறு பவுண்டுக் குண்டைச் சுடுவது. மோர்ட்டாரையும் ஹவிட்சரையும் வாயின் அகலத்தைக் கொண்டு, இத்தனை அங்குலம் என்று குறிப்பார்கள். உலோகத்தில் வார்ப்பிரும்பு, வெண்கலம் என இரண்டே வகை. ஆவணங்களில் வெண்கலத்தைப் பித்தளை என்றே எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

எடையை அறியத் தராசு தேவையில்லை. ஆங்கிலேயர் வார்த்த பீரங்கியின் உடலில் மூன்று எண்கள் வெட்டியிருக்கும். 17-1-14 என்று இருந்தால், முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர், இரண்டாவது 28 பவுண்டு கொண்ட கால் அந்தர், மூன்றாவது தனிப் பவுண்டு. 17 அந்தர் 1,904 பவுண்டு. கால் அந்தர் 28. அதோடு 14. மொத்தம் 1,946 பவுண்டு. துருவும் மண்ணும் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எண் விரலுக்குத் தட்டுப்படும்.

நிலையை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: பயன்படும், பழுதுபார்த்தால் பயன்படும், பயன்படாது. பீரங்கி நன்றாக இருந்து அதன் வண்டிச் சக்கரம் உளுத்திருந்தால், இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். வண்டியில்லாத பீரங்கி வெறும் இரும்புக் கட்டை.

இரண்டாம் படி: குண்டை வாயோடு பொருத்துங்கள்

இந்த இடத்தில்தான் பலர் சறுக்கியிருக்கிறார்கள். டைகாண்டிரோகா பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. 1759இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1775 மே 10ஆம் தேதி அமெரிக்கர் கைக்கு வந்தது. இப்படிக் கைமாறிய கோட்டைகளில் இரு நாட்டுச் சரக்கும் கலந்து கிடக்கும். பிரெஞ்சுப் பவுண்டு ஆங்கிலப் பவுண்டைவிட ஏறக்குறைய எட்டு விழுக்காடு கனமானது. ஆகவே பிரெஞ்சு 12 பவுண்டுக் குண்டு ஆங்கிலக் கணக்கில் 13 பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். அது ஆங்கில 12 பவுண்டரின் குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஏட்டில் மட்டும் இரண்டும் ‘12 பவுண்டுக் குண்டு’ என்று ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் குண்டைப் பெயரை வைத்து எண்ணாமல் வளையத்தை வைத்து எண்ணுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. பெரிய வளையத்தில் குண்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைய வேண்டும். சிறிய வளையத்தில் எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. 6 பவுண்டரின் குழாய் உள்ளே 3.67 அங்குல அகலம், குண்டின் குறுக்களவு ஏறக்குறைய மூன்றரை அங்குலம். இந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் துரு ஏறிய குண்டு பாதிக் குழாயில் சிக்கிக்கொள்ளும். இடைவெளி கூடிவிட்டால் வெடிப்பின் வேகம் பக்கவாட்டில் கசிந்து, குண்டு குறி தவறும். துரு ஏறிய குண்டைச் சுத்தியால் தட்டிச் சுத்தம் செய்தபின் மறுபடியும் வளையத்தில் விட்டுப் பாருங்கள். பெரிய வளையத்தில் சிக்கிய குண்டு, துரு உதிர்ந்தபின் சின்னதிலும் நழுவிவிடக்கூடும்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. குண்டுகளைக் கோபுரமாக அடுக்குவதன் பயனே அதுதான். முக்கோண அடித்தளத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டுக் குண்டு என்றால், 8 × 9 × 10 என்று பெருக்கி ஆறால் வகுத்தால் 120. சதுர அடித்தளம் என்றால் 8 × 9 × 17 பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும், 204 வரும். அடுக்கு முழுமையாக இருந்தால் ஒரு பக்கத்தை எண்ணினாலே போதும். உச்சியில் குறைந்திருந்தால் குறைந்ததை எண்ணிக் கழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மருந்தைப் பீப்பாயால் எண்ணாதீர்கள், பவுண்டால் எண்ணுங்கள்

வெடிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. இந்தக் கலவை ஈரத்தை இழுக்கும். நூறு பவுண்டுப் பீப்பாய் மழைக்காலம் முடியும்போதும் நூறு பவுண்டு நிறுக்கலாம். ஆனால் அதில் ஒரு பகுதி கட்டிபட்ட சேறாக இருக்கும். எனவே பீப்பாய் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். நல்ல மருந்து மணல்போல விரலிடுக்கில் ஓடும். கட்டியைப் பிசைந்தால் தூளாகாமல் ஒட்டினால் ஈரம் ஏறிவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்து, கிடங்கிலிருந்து வெகுதூரம் போய், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பற்றவைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். சட்டென்று எரிந்து தாளில் கறை விடாமல் போனால் தரமானது. கரிப்புள்ளியும் ஈரத்தடமும் விட்டால் தள்ள வேண்டியது.

பீரங்கி மருந்து பெருமணியாகவும் துப்பாக்கி மருந்து சிறுமணியாகவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி வரி.

காப்பது பற்றிச் சுருக்கமாக: கிடங்கில் இரும்பு ஆணியோ இரும்பு வளையமோ ஆகாது, செம்போ மரமோதான். உள்ளே போகிறவர் காலணியைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்பு அணிய வேண்டும். வறண்ட நாளில் கதவைத் திறந்து காற்று விட வேண்டும். பீப்பாய்களை அவ்வப்போது உருட்டித் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் இறுகிவிடும்.

நான்காம் படி: ஒரு வெடிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

ஒரு 6 பவுண்டர் ஒருமுறை வெடிக்க ஒரு குண்டு, குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கான இரண்டு பவுண்டு மருந்து, அதைக் கட்ட ஒரு கம்பளித் துணிப்பை, துளையில் செருக ஒரு பற்றவைப்புக் குழல் ஆகியவை வேண்டும். துணிப்பைக்குக் கம்பளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காகிதப் பை கனன்றபடி துண்டு துண்டாகக் குழாயில் தங்கும். அடுத்த மருந்துப் பையை உள்ளே தள்ளும்போது அது வெடித்து ஆளின் கையே போய்விடும். இவை தவிர, பீரங்கி ஒன்றுக்கு ஈரப் பஞ்சுக்கோல், இடிகோல், மீதத்தைத் திருகியெடுக்கும் கோல், துளையைக் குத்தும் ஊசி, திரிக்கயிறு என்று நிலையான கருவிகள் உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்களிடம் 6 பவுண்டர்கள் இரண்டு. முக்கோண அடுக்கு இரண்டு, ஆகக் குண்டுகள் 240. மருந்து 300 பவுண்டு. துணிப்பைகள் 90. பற்றவைப்புக் குழல்கள் 400. குண்டைப் பார்த்தால் 240 வெடி. மருந்தைப் பார்த்தால் 150. குழலைப் பார்த்தால் 400. ஆனால் பை 90தான். ஆகவே இந்தக் கோட்டையின் பலம் 90 வெடி, பீரங்கிக்கு 45. மேலிடத்துக்குக் குண்டு அனுப்புங்கள் என்று எழுதினால் வண்டிக்கூலிதான் தண்டம். சில கஜம் கம்பளித்துணி வந்தாலே பலம் 150 வெடியாக உயரும். மலையும் ஆறும் கடந்து சரக்கு வரும் இடத்தில், எதைக் கேட்பது என்று அறிவது பாதிப் போர்.

ஐந்தாம் படி: கேட்பதும் பெறுவதும்

சரக்கு பிலடெல்பியாவிலிருந்து புறப்படும். ஏறக்குறைய 300 மைல் தூரம் அலிகெனி மலைகளைத் தாண்டி வண்டியில் பிட்ஸ்பர்க் வரும். அங்கே 1790களில் ஐசக் கிரெய்க் என்பவர் பொறுப்பிலிருந்து அதைப் படகுகளில் ஏற்றி ஒஹாயோ நதியில் கீழே அனுப்பிவந்தார். கோடையின் கடைசியில் ஆற்றில் தண்ணீர் வற்றிவிடும், படகு மணலில் தட்டும். 1791இல் அமெரிக்கத் தளபதி ஆர்தர் செயின்ட் கிளேர் பூர்வகுடிகளுக்கு எதிராக நடத்திய படையெடுப்பு தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஆற்று நீரின் காலத்தைக் கணக்கிட்டுக் கோரிக்கையை அனுப்புங்கள். தீர்ந்தபின் கேட்பவருக்குச் சரக்கு அடுத்த பருவத்தில்தான் வரும்.

கோரிக்கைப் பட்டியலில் நான்கு பத்திகள் போதும்: பொருள், கையிருப்பு, இருக்க வேண்டிய அளவு, கேட்கும் அளவு. கையிருப்பை எழுதாமல் கேட்பவரைக் கிடங்குக்காரர் நம்பமாட்டார், அது நியாயமும்கூட.

சரக்கோடு வரும் பட்டியலில் ஒவ்வொரு பெட்டியின் குறியீடும் எண்ணும் உள்ளடக்கமும் இருக்கும். படகுக்காரர் அவசரப்படுத்துவார். ஆனாலும் திறந்து பார்க்காத பெட்டிக்கு ‘உள்ளடக்கம் சரி’ என்று கையெழுத்து இடக் கூடாது. ‘மூடிய பெட்டிகள் இத்தனை பெற்றேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். பிறகு இரண்டு அதிகாரிகளைச் சாட்சியாக வைத்துத் திறந்து, நனைந்ததையும் உடைந்ததையும் குறைந்ததையும் அவர்கள் கையெழுத்தோடு பதிவுசெய்யுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் குறை உங்கள் தலையில் விடியும்.

செயின்ட் கிளேரின் படை 1791 நவம்பர் 4ஆம் தேதி, லிட்டில் டர்டில், புளூ ஜாக்கெட் தலைமையில் வந்த பூர்வகுடிப் படையிடம் தோற்று, 600க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மறுவருடம் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை அதை விசாரித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் நடத்திய முதல் விசாரணை அதுதான். ஒப்பந்தக்காரரும் வழங்கல் துறையும் செய்த குறைகள் அதில் பெரிதாக எழுந்தன. கிடங்கிலிருந்து எது எப்போது எந்த நிலையில் போனது என்ற கேள்விக்கு மனிதர்களின் நினைவு போதவில்லை, தாள் வேண்டியிருந்தது. அதே 1792 மே 8ஆம் தேதிச் சட்டம் போர்த்துறைக்கெனத் தனிக் கணக்கர் பதவியை உருவாக்கியது. 1794 ஏப்ரல் 2ஆம் தேதிச் சட்டம், இராணுவச் சரக்கைப் பெறுவதையும் காப்பதையும் வழங்குவதையும் மேற்பார்க்கவும், அதை வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்கவும் ஒரு மேற்பார்வையாளரை ஏற்படுத்தியது.

ஆறாம் படி: பேரேட்டின் வரிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லட்டும்

பத்திகள் எளியவை: முன்னிருப்பு, வரவு, கூட்டு, செலவு, எஞ்சிய இருப்பு. கேம்பிரிட்ஜில் நடந்தது என்னவென்றால், கூட்டுப் பத்தியில் இருந்ததை இருப்பென்று அனுப்பிவிட்டார்கள்.

மாதிரிக் கணக்கைத் தொடர்வோம். ஜூலை 4ஆம் தேதி, மாநிலத்துக்கு ஒன்றாக 15 மரியாதை வெடி. அதற்கு அரை மருந்து போதும், வெடிக்கு ஒரு பவுண்டு. ஆக மருந்து 15 பவுண்டு, பை 15, குழல் 15, குண்டு இல்லை. அடுத்த வாரம் இலக்குப் பயிற்சியில் 20 வெடி: மருந்து 40 பவுண்டு, பை 20, குண்டு 20, குழல் 22. இரண்டு குழல்கள் பற்றவில்லை, அதையும் எழுத வேண்டும். மண்மேட்டைத் தோண்டி 12 குண்டுகளை மீட்டார்கள், அது வரவு.

மாதக் கடைசியில் குண்டு 232, பை 55, குழல் 363, மருந்து 245 பவுண்டு என்று ஏடு சொல்கிறது. நிறுத்துப் பார்த்தால் மருந்து 241. நான்கு பவுண்டு எங்கே? பை கட்டும்போது சிந்தியிருக்கலாம். அதைப் பயிற்சிச் செலவில் திணித்து ஏட்டைச் சரியாக்கிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். செய்யாதீர்கள். ‘நிறுவையில் குறைவு: 4 பவுண்டு’ என்று தனி வரியில் எழுதி, அதிகாரி ஒருவரின் கையெழுத்தை வாங்குங்கள். பின்னாளில் படிப்பவர் 35 பை, 37 குழல், 55 பவுண்டு மருந்து என்ற மூன்றையும் ஒப்பிட்டால், நடந்தது அப்படியே விரியும். மரியாதை வெடியில் திருட்டுத்தனமாகக் குண்டு காணாமல் போயிருந்தாலும், துப்பாக்கிக்காரர்கள் பீரங்கி மருந்தை எடுத்திருந்தாலும், வரிகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நான் எந்தப் பழைய பட்டியலைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்தப் பொருத்தத்தைத்தான் தேடுகிறேன். எல்லா எண்களும் மாசுமருவில்லாமல் பொருந்தி, ஒரு வரியில்கூடக் குறைவோ மீட்போ இல்லாத ஏட்டை நான் நம்புவதில்லை.

பட்டியலின் அடியில் இன்னொரு வரி சேருங்கள்: ‘இன்று சுடக்கூடிய வெடி: 55’. படிவத்தில் அதற்கு இடமில்லாவிட்டாலும் எழுதுங்கள். கோட்டைத் தலைவருக்கு வேண்டியது அந்த எண்.

ஏழாம் படி: நகல் எடுப்பதும் ஒப்படைப்பதும்

எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள்: ஒன்று கோட்டையில், ஒன்று தலைமையிடத்தில், ஒன்று உங்கள் சொந்தப் பெட்டியில். 1800 நவம்பர் 8ஆம் தேதி, புதிதாக வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்திருந்த போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து, அதன் ஆவணங்கள் சாம்பலாயின. அந்தத் துறையின் முதல் காலத்தைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி, அனுப்பியவரும் பெற்றவரும் தம்மிடம் வைத்திருந்த நகல்களிலிருந்து வருகிறது. பல காப்பகங்களில் சிதறிக்கிடந்த அவற்றை ஆய்வாளர்கள் தேடித் தொகுத்து, இணையத்திலேயே படிக்கத் தந்திருக்கிறார்கள். இந்த வழிகாட்டியைப் படித்தபின் அங்கே போய் ஓர் இருப்புப் பட்டியலைத் திறந்து, எழுத்தர் ஒவ்வொரு பத்தியையும் எப்படிக் கூட்டியிருக்கிறார் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பொறுப்பு மாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். முதல் படிக்கே திரும்புகிறோம்.

கடைசியாக ஒரு சிக்கலான பதிவு. தோற்ற படை விட்டுவிட்டுப்போன பீரங்கியை எப்படி எழுதுவது? அழிந்தது என்றா, எதிரி வசம் என்றா? ‘களத்தில் இழந்தது’ என்று எழுதி, இடத்தையும் தேதியையும் குறியுங்கள். செயின்ட் கிளேரின் பீரங்கிகளை வென்றவர்கள் இழுத்துப்போக வழியின்றி, களத்திலேயே விழுந்த மரங்களுக்கு அடியில் மறைத்துவைத்தார்கள். 1793 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி அந்தோணி வெய்னின் வீரர்கள் அதே களத்துக்குப் போய், மறைத்திருந்த பீரங்கிகளைத் தேடியெடுத்து, அங்கே கட்டிய கோட்டைக்குள் நிறுத்தினார்கள். அதற்கு ரெகவரி கோட்டை, அதாவது மீட்புக் கோட்டை, என்று பெயரிட்டார்கள். 1794 ஜூன் 30ஆம் தேதி பூர்வகுடி வீரர்கள் அந்தக் கோட்டையைத் தாக்க வந்தபோது, தாம் ஒளித்துவைத்த பீரங்கிகளை எடுக்கப் பழைய மரக்கட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். பீரங்கிகள் அங்கே இல்லை. அவை கோட்டைக்குள்ளிருந்து அவர்களை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தன.